ஜன்னலைப் பார்த்த பூ

முதுகைப் படம் எடுத்துக் கையில் கொடுத்தால் யாராவது வாங்கிக்கொண்டு போவார்களா? மாட்டார்கள். முகம் வேண்டும். அதுவும் நேராக, இரண்டு காதும் தெரிய, கண் திறந்து. முப்பத்தோரு வருடமாக வீட்டின் முன்னறையில் ஒரு சின்ன ஸ்டுடியோவை வைத்துக்கொண்டு, "தாடையக் கொஞ்சம் இறக்குங்க, தோளத் தளர்த்துங்க, இங்க பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு இது சப்பைக்கட்டு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அந்த மேசையில் ஒருமுறை ஆர்க்கிட் செடி ஒன்று இருந்தது. வெளிர் மஞ்சள் பூ, நடுவில் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இதழ் மட்டும் கருஞ்சிவப்பு. மூன்று மாதம் பூத்துவிட்டு மொட்டையாக நின்றதும் டாக்டர் அதைக் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார். இவள் குப்பையிலிருந்து எடுத்துப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சமையலறை ஜன்னலில் வைத்தாள். அதோடு சரி. ஆறு வருடம் அது ஒரு பூ பூக்கவில்லை. தண்ணீர் குடித்தது, உரம் தின்றது, தடித்தடியாக இலை விட்டது. "உன் தம்பி நம்ம வீட்ல தங்கியிருந்த மாதிரியே இருக்கு" என்று நான் சொல்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். என் கேமரா லென்ஸைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

அது ஏழாவது வருடம் பூந்தண்டு விட்டது. எப்போது? எங்கள் மகளுக்குப் பிரசவ நாள் குறித்து, இவள் அங்கே போய் மூன்று மாதம் இருப்பதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். தண்டில் ஒன்பது மொட்டு. கிளம்புகிற அன்று காலையில் அவற்றை விரலால் தொடாமல் எண்ணினாள். பிறகு தொட்டியின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பும் ஜன்னல் திட்டில் ஒரு துண்டு டேப்பும் ஒட்டினாள்.

"இது ரெண்டும் நேரா இருக்கணும். தண்ணி ஊத்த எடுத்தாலும் திரும்ப இப்படியே வைங்க. மொட்டு வெளிச்சத்தப் பாத்துத்தான் விரியும். திருப்பினா அதுக்குத் தாங்காது."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதான் சொல்றேன். வேர் வெள்ளையானா தண்ணி ஊத்துங்க. பச்சையா இருந்தா விட்டுடுங்க. தொட்டிய மட்டும் திருப்பாதீங்க."

வாசலில் ஒருமுறை, ஆட்டோவில் ஏறியபின் ஒருமுறை, ரயில் கிளம்பியபின் ஃபோனில் ஒருமுறை. நான் என்ன சின்னப் பிள்ளையா என்று எனக்குக் கோபம் வந்தது. கடைசியாக, குரலை இறக்கி, "பூத்ததும் நல்லாப் படம் எடுத்து அனுப்புங்க. நான் வர்றதுக்குள்ள போயிடும்ல" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் தனக்கென்று ஒரு படம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளையே நான் அதிகம் படம் எடுத்ததில்லை. ஊரான் முகத்தையெல்லாம் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் கேமராவைக் கண்டாலே சலிப்பு.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, தண்டின் அடியிலிருந்த முதல் மொட்டு விரிந்தது.

சமையலறையில் நின்று பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றது பூ. பின்பக்கம் வெளிறிப்போய், நரம்பு தெரிய, நடுவில் காம்பு. ஜன்னலுக்கு வெளியே போய் எடுக்கலாம் என்றால் எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் முட்டுகிறது. நடுவில் உள்ள சந்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், கேமராவோடு நிற்க முடியாது. இப்படி அப்படி வளைந்து, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் ஒரு காலை வைத்தெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பின்னந்தலைதான். இதை அனுப்பினால் முப்பத்தோரு வருடம் என்ன கிழித்தேன் என்று எனக்கே தோன்றும்.

ஒரே ஒரு தடவை, ஐந்து நிமிடம், திருப்பினால் என்ன ஆகிவிடும்?

தொட்டியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் கறுப்புத் துணி. இரண்டு பக்கமும் பெரிய விளக்கு. விளக்குச் சூட்டில் எனக்கே வியர்த்ததால் ஏசியைப் போட்டேன். தண்டைக் கொஞ்சம் இப்படித் திருப்பி, ஒரு வெள்ளை அட்டையை அடியில் பிடித்து, அந்தக் கருஞ்சிவப்பு உதட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்தேன். ஐந்து நிமிடம் என்று போனவன் வெளியே வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு படத்தை நான் எடுத்ததே இல்லை. பூ என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது.

அனுப்பினேன். அரை மணி நேரம் பதிலே இல்லை. பிறகு அழைத்தாள். குரல் கம்மியிருந்தது.

"ஆறு வருஷம் கழிச்சு அது மூஞ்சியப் பாக்குறேங்க."

"எப்படி இருக்கு?"

"போங்க." மூக்கை உறிஞ்சினாள். "தொட்டியத் திருப்பலையே?"

"சே சே. ஜன்னல் வழியா கையை வெளிய விட்டு எடுத்தேன்."

"பின்னாடி கறுப்பா இருக்கே?"

"அது கம்ப்யூட்டர்ல பண்ணது."

முதல் பொய் அதுதான். எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் அழுதது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் தொழிலில் யாரும் படத்தைப் பார்த்து அழ மாட்டார்கள். "கன்னம் உப்பிப்போய்த் தெரியுதே" என்று குறைதான் சொல்வார்கள். அதனால் மறுநாளும் தூக்கினேன். அதற்கு மறுநாளும். ஒருநாள் வெள்ளைத் துணி, ஒருநாள் நீலம், ஒருநாள் இலையில் தண்ணீர் தெளித்து. வேலை முடிந்ததும் டேப்பையும் டேப்பையும் நேராக வைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஜன்னலில் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

ஆறாவது நாள் உச்சியிலிருந்த மொட்டு மஞ்சளாகியிருந்தது. பூவின் மஞ்சள் அல்ல, பழுத்த இலையின் மஞ்சள். விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் காலையில் திட்டில் மூன்று கிடந்தன. ஃபோனில் தேடிப் படித்தேன். இடத்தை மாற்றினால், சூடு பட்டால், குளிர்காற்று அடித்தால் மொட்டு உதிரும் என்று போட்டிருந்தது. மூன்றையும் ஒரே நாளில், ஒரு வாரம் விடாமல் செய்திருந்தேன். பத்தாவது நாள் தண்டில் அடியிலிருந்த அந்த ஒரு பூ மட்டும் மிச்சம். அதற்கு மேலே எட்டு இடத்தில் சின்னச் சின்னத் தழும்பு.

தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ஆறு வருடமாக ஒருத்தி துடைத்து வைத்ததை ஒருத்தன் பத்து நாளில் துடைத்து எறிந்துவிட்டான். அதுவும் வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னதை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்து.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், முடிந்திருக்கும். ஃபோனை எடுத்தேன், உண்மை. அவளே முந்திக்கொண்டாள்.

"ரெண்டாவது விரிஞ்சுதா? இங்க எல்லாரும் கேக்குறாங்க. பக்கத்து வீட்டம்மா தெனமும் குழந்தையப் பாக்க வராங்களா, பூவப் பாக்க வராங்களான்னே தெரியல."

பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மகள் "அம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விரிஞ்சிடுச்சு," என்றேன். "சாயங்காலம் அனுப்புறேன்."

நான் ஒட்டு வேலையில் கெட்டிக்காரன். வராத அண்ணனைக் குடும்பப் படத்தில் சேர்த்திருக்கிறேன். மூடிய கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறேன். உம்மென்று இருந்தவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு பூவை இரண்டாக்குவது எனக்கு எம்மாத்திரம்? இருக்கிற பூவைக் கொஞ்சம் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்தேன். இடவலமாகத் திருப்பினேன், துளி சின்னதாக்கினேன், பழைய படத்திலிருந்த மொட்டுகளை மேலே வைத்தேன், கீழ் இதழில் நிழல் போட்டேன். அனுப்பினேன்.

"ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்குங்க" என்று பதில் வந்தது.

இரண்டு நாளுக்கு ஒரு பூ வீதம் விரியவைத்தேன். மூன்று, நான்கு, ஐந்து. வாடிக்கையாளர் வந்து வாசலில் நின்றால்கூட, "ஒரு நிமிஷம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு இதழ் ஓரத்தைச் சரி செய்துகொண்டிருப்பேன். ஒன்றைக் கொஞ்சம் தலை சாய்த்தேன், ஒன்றின் உதட்டைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன். இந்த வெட்கங்கெட்ட வேலையில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ. வேலை முடிந்து சமையலறைக்குப் போவேன். அங்கே ஒற்றைப் பூ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஜன்னல் பக்கம் பார்க்காமலே டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒன்பதாவது பூவை அனுப்பிய மறுநாள் மகள் அழைத்தாள்.

"அப்பா, அம்மா அங்க வரேங்குது."

"எதுக்கு?"

"பூவப் பாக்கத்தான். மூணு நாள் வந்துட்டுத் திரும்பிடுறேன்னு சொல்லுது. ஒன்பதும் சேந்து நிக்கிறத ஒரு தடவ கண்ணால பாக்கணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பைத்தியமா அவளுக்கு? பதினாலு மணி நேரம் ரயில். உன்ன இப்படி விட்டுட்டு."

"நானும் பயந்துதான் போயிருக்கேன்ப்பா. எனக்குத் தையல் போட்ட எடம் இன்னும் ஆறல, அவருக்கு இந்த வாரம் பூரா ராத்திரி ஷிப்ட். ஆனா போகாதன்னு சொல்ல மனசு வரல. அம்மா எப்பவாவது எனக்கு இது வேணும்னு கேட்டிருக்கா? நீங்களே சொல்லுங்க. அதான் போயிட்டு வான்னு சொல்லிட்டேன். நான் சமாளிச்சுக்குவேன்."

அவள் குரலில் தூக்கமில்லாத களைப்பு. பச்சை உடம்புக்காரி. "அம்மாவ அனுப்பாத, பூ இல்ல" என்று நான்கு சொல்லில் முடிகிற விஷயம். அதற்குப் பதிலாக மூளை வேறொன்றைக் கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

"அம்மாகிட்ட கொடு," என்றேன். அவள் வந்ததும் குரலில் வருத்தத்தைப் பூசிக்கொண்டு சொன்னேன்: "நீ இப்ப வந்து பிரயோஜனமில்ல. பூவெல்லாம் வாட ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். அலையாத."

"அப்போ இன்னைக்கே கிளம்புறேன்," என்றாள்.

"சொல்றதக் கேளு."

"ரெண்டு நாள் இருக்குங்கறீங்கள்ல? நாளைக்கு மதியம் வந்துடுவேன். பாத்துட்டு மறுநாள் காலைல திரும்பிடுறேன்."

ஃபோனை வைத்துவிட்டாள். நாள் குறிக்காமல் இருந்தவளை அன்றைக்கே ரயிலேற்றிவிட்ட பெருமை என்னையே சேரும்.

மறுநாள் காலை கடைத்தெருவில் பூ அலங்காரக் கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று அலைந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. ஒரு கடையில் ஆர்க்கிட் தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெள்ளை. மூலையில் ஒன்று மட்டும் மஞ்சள், ஆனால் உதடும் மஞ்சள். அதைக் கையில் எடுத்து, கடைக்காரம்மா பார்க்காத நேரத்தில் இந்தப் பூக்களைக் கிள்ளி மெல்லிய கம்பியில் கட்டினால் அந்தத் தண்டில் நிற்குமா என்று யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். உதட்டுக்குச் சாயம் பூசலாமா என்றுகூடப் போனது புத்தி.

"யாருக்கு சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"வீட்ல."

"கல்யாண நாளா?"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தொட்டியை வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். "அப்புறம் வரேன்" என்று சொல்லி வெளியே வந்து, தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தேன், யாரோ துரத்துகிற மாதிரி.

அவள் ஒன்றரை மணிக்கு வந்தாள். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றதற்கு, "கடையப் பாருங்க, நானே வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒன்றரை மாதத்தில் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, புடவைத் தோளில் குழந்தை கக்கின பால் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சொல்லாதீங்க, ஒண்ணும் சொல்லாதீங்க, நானே பாக்குறேன்" என்று பையை வாசலிலேயே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வழியிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கோயிலுக்குள் போகிறவள் மாதிரி துடைத்துக்கொண்டாள்.

நான் ஹாலிலேயே நின்றேன். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. போனேன்.

தண்டைத் தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அடியிலிருந்து மேலே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வாடிப்போச்சு," என்றேன். "சொன்னேன்ல."

"வாடினா பூ காஞ்சு தண்டுலயே தொங்கும். இல்லேன்னா கீழ விழுந்து கிடக்கும். தழும்பு இப்படி இருக்காது." என் பக்கம் திரும்பவில்லை. "இது மொட்டுலயே விழுந்தது."

கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். தொட்டியில் இருந்த பூவைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். பூவின் மேலிதழில் ஊசி முனை அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்த்த வேலையில் அது எப்படியோ தப்பிவிட்டது. ஒன்பது பூவிலும் இருந்தது. சிலதில் இடப்பக்கம், சிலதில் வலப்பக்கம்.

"ஒண்ணே ஒண்ணுதான் பூத்துதா?"

"ஆமா."

"தொட்டியத் திருப்பினீங்களா?"

"ஆமா."

"எத்தன தடவ?"

"தெனமும். ஆறு நாள். முன்னறைக்குக் கொண்டுபோய்... லைட் போட்டு."

"ஏன்?"

"முகம் தெரியல. முதுகுதான் தெரிஞ்சுது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கு முதுகே போதுமே," என்றாள். "நான் இங்கதான் நிப்பேன். இங்கேர்ந்து பாத்தா முதுகுதான் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அது பழக்கம்தான். அவள் கத்தவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கால் வீங்கியிருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

அப்போது அவள் ஃபோன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் குழந்தையின் அழுகைதான் முதலில் வந்தது.

"பாத்துட்டியாம்மா?"

"ம்."

"எப்படி இருக்கு? ஒன்பதும் இருக்கா, விழுந்துடுச்சா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று தலையசைத்தேன். நிஜமாகவே அசைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருக்குடி. எல்லாம் இருக்கு. ரொம்ப அழகா இருக்கு."

"அப்பாடா. நீ வாடிப்போனதப் பாத்துட்டு உக்காந்திருப்பியோன்னு நெனச்சேன். இவ நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல, நானும் தூங்கல. பரவால்ல. ஒரு படம் எடுத்து அனுப்பும்மா, நீயும் பூவும் சேந்து நிக்கிற மாதிரி. அப்பாவ எடுக்கச் சொல்லு."

"சரி. நீ போய் அவளப் பாரு."

ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"பச்ச உடம்போட என்னை அனுப்பி வச்சா," என்றாள். "அவகிட்ட நான் என்னன்னு சொல்றது? உங்கப்பா ஏமாத்திட்டாருன்னா?"

என் பொய்க்கு அவள் வாயை வாடகைக்கு எடுத்துவிட்டேன். பொய் சொல்லத் தெரியாதவள். "அழகா இருக்கு" என்று சொல்லும்போது அவள் குரல் மேலே ஏறி இறங்கியதைக் கேட்டபோது, தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"சாயங்கால ரயில் இருக்கு," என்றாள். "அதுலயே போயிடுறேன். அவ தனியா இருக்கா."

நான் டிக்கெட் பார்த்தேன், இருந்தது. அவள் முகம் கழுவி வேறு புடவை கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தேன், பத்து நிமிடம் என்றான். இருவரும் உட்காராமல் நின்றோம். அவள் கண் சுவரில் மேய்ந்து ஓரிடத்தில் நின்றது.

அவள் அப்பாவின் படம். எங்கள் கல்யாணம் அவருக்குப் பிடிக்காமல் நடந்தது. பதினோரு வருடம் அவர் இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. ஒருநாள், என் ஸ்டுடியோ என்று தெரிந்தோ தெரியாமலோ, பென்ஷன் ஆபீசில் கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இவள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். நான் மாமா என்றும் கூப்பிடவில்லை, சார் என்றும் கூப்பிடவில்லை. தாடையை இறக்குங்கள் என்றேன், இறக்கினார். அப்போது உள்ளேயிருந்து மகள் ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு ஓடிவந்து அவரையே வெறித்துப் பார்த்தாள். அவர் என்னைக் கேட்டார்: "இவளும் அவ மாதிரியே ஒத்தச் செருப்போடதான் திரிவாளா?" கேட்டுவிட்டுச் சிரித்தார். என் கை தானாக அமுக்கியது. மூன்று வாரத்தில் அவர் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என் மனைவி அழுகையை நிறுத்தினாள். அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது, அதற்கு இதுதான் சாட்சி என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைக் காட்டி அந்தச் செருப்புக் கதையைச் சொல்வாள். பத்தொன்பது வருடமாகச் சொல்கிறாள்.

இப்போது அதன் அருகே போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"என்னங்க."

"ம்."

"இந்தச் சிரிப்பு அப்பாவோடதுதானா?"

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகச் சொன்னேன்.

"அவரோடதுதான். நான் தொடவே இல்ல. அந்தப் படத்துல ஒரு தூசியக்கூட நான் எடுத்ததில்ல." என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரல் மாதிரி கேட்டது. "சத்தியமா. நம்ம பொண்ணு மேல சத்தியமா."

"நெகடிவ் இருக்கா?"

இல்லை. மழையில் முன்னறை ஒழுகிய வருடம் பழைய நெகடிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அள்ளிக் கொட்டிவிட்டோம். அவளும் கூட இருந்துதான் அள்ளினாள். அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன்.

"சரி," என்றாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் உடனே நகரவில்லை. ஒட்டுப் போட்ட படத்தில் எங்கே பார்த்தால் தெரியும் என்று கல்யாணமான புதிதில் நான்தான் அவளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். காதோரம், வாய் முனை, சட்டைக் காலர். அவள் முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தன் அப்பாவின் வாய் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.